உங்களுக்குத் தெரியுமா? ஒரே தொகுதி, 13 வெற்றிகள்!

கேரளத்தின் பாலா தொகுதியில் 1965இல் நடந்த முதல் தேர்தலில் வென்றவர் கே.எம்.மாணி. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாததால் அந்தச் சட்டமன்றம் ஒரு நாள்கூடக் கூடவில்லை. ஜெயித்தும் உள்ளே போக முடியவில்லை! 1967இல் மறுபடி நின்றார். 2016 வரை மொத்தம் 13 தேர்தல்கள், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அவருடைய கட்சியான கேரள காங்கிரஸ் எத்தனை துண்டாக உடைந்தாலும் பாலா அவர் பக்கமே நின்றது, இது சாதாரண விஷயமல்ல.

நிதியமைச்சராக அவர் தாக்கல் செய்த பட்ஜெட்டுகளும் 13. லாட்டரி வருமானத்தை ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குத் திருப்பிய ‘காருண்யா’ திட்டம்தான் அவற்றில் மனதில் நிற்பது. கடைசி பட்ஜெட்டை 2015 மார்ச்சில் எதிர்க்கட்சிகளின் கடும் அமளிக்கு நடுவே படித்தார். அதே ஆண்டு, மதுபான பார் லஞ்சப் புகாரால் பதவி விலகினார். 2019 ஏப்ரலில் மறைந்தார். அதன்பின் நடந்த இடைத்தேர்தலில்தான் பாலா முதன்முறையாக வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது.