தன்னைச் சொல்லாத தன்வரலாறு

திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், பால் ஆர்தர் ஷில்ப் பதிப்பித்து 1952-இல் வெளிவந்த தொகுப்புக்காகத் தன்வரலாறாக எழுதிய நீண்ட கட்டுரையில், பெற்றோர், திருமணம், குடும்பம், விருப்புவெறுப்பு எதையும் பேசப்போவதில்லை என்று தொடக்கத்திலேயே விலகிக்கொண்டு, தத்துவத்துக்குள் புகுந்துவிடுகிறார். முருகன் மலையடிவாரத்தில் கழிந்த இளமையை அறிய விழைபவருக்கு அது ஏமாற்றமே.

'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரின் விண்கலத் தலைவர் பிக்கார்டின் பெயரில் டேவிட் குட்மேன் 2017-இல் வெளியிட்ட கற்பனைத் தன்வரலாறு, அதாவது இல்லாத ஒருவர் தாமே கூறுவதுபோல் புனையப்பட்ட வாழ்க்கைக் கதை, இதற்கு நேரெதிராக எல்லாவற்றையும் சொல்ல முனைந்து, ரசிகர்கள் திரையில் கண்டவற்றையே பல இடங்களில் சுருக்கித் தருகிறது. மனிதர்தான் அதிலும் அகப்படவில்லை.

இராதாகிருஷ்ணன் விட்டுச்சென்ற இடைவெளியை, அவருடைய மகனும் வரலாற்றறிஞருமான சர்வபள்ளி கோபால் 1989-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு பெருமளவு நிரப்பியது.