தசை தளர்வதை அளப்பது எப்படி?

ஆரணியில் பட்டு நெய்கிறவர்களின் கைநேர்த்தியைப் பலரும் பேசுகிறோம். அந்த உடம்பு படும் பாட்டை யாரும் பேசுவதில்லை. குழித்தறியில் உட்கார்ந்தபடி கால் மிதியை அழுத்த, பாவு இரண்டாகப் பிரியும். ஒரு கை கயிற்றைச் சுண்டி நாடாவை ஓட்டும். மறு கை பலகையை இழுத்து ஊடையை அடிக்கும். ஜக்கார்டு பெட்டியை இயக்க வேண்டிய இடத்தில் காலுக்குச் சுமை இன்னும் கூடும். பொழுது சாயும்போது நெசவாளர், "தோள்பட்டை விட்டுப்போச்சு" என்பார். எவ்வளவு விட்டுப்போனது என்று எண்ணில் சொல்ல முடியுமா?

உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதைச் சொல்ல, சுவீடனின் குன்னார் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அது ஆளின் வாய்மொழிதான். இத்தாலியின் ஆஞ்செலோ மோசோ அதற்கு வெகு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், விரலில் கயிறு கட்டி எடையைத் தூக்கவைத்தார். ஒவ்வொரு தூக்கலின் உயரமும் சுழலும் உருளையில் கோடாக விழுந்தது. ஆனால் கோடு குட்டையானால் சோர்ந்தது தசையா, மனசா?

தசையையே கேட்பது மின்தசை வரைவு, அதாவது இ.எம்.ஜி. நரம்புக் கட்டளை வந்ததும் தசைநாரின் சவ்வு நெடுக, வினாடிக்கு சுமார் 4 மீட்டர் வேகத்தில் மின்துடிப்பு ஓடும். தோலில் ஒட்டிய மின்முனைகள் அதைப் பிடிக்கும். சுமையைத் தாங்கிக்கொண்டே இருந்தால் நாருக்கு வெளியே பொட்டாசியம் சேர்கிறது, உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது, துடிப்பின் வேகம் குறைகிறது. அலைகள் நீண்டு, அதிர்வெண் இறங்குகிறது. கூடுதல் நார்கள் வேலைக்கு இழுக்கப்படுவதால் வீச்சோ ஏறுகிறது. அந்த நேரத்தில் கை நடுங்கவில்லை, சுமை இறங்கவில்லை. பார்க்கிறவருக்கு எதுவுமே தெரியாது. தளர்ச்சி வெளிப்படுமுன்பே வரைவில் விழுந்துவிடுகிறது என்பதுதான் இந்த முறையின் அருமை. ஜெர்மனியின் ஹான்ஸ் பைப்பர் 1912-லேயே அதிர்வெண் இப்படி மந்தமாவதைக் கண்டார்.

அசையாத கையில் இது எளிது. அசையும் கையில் தசை மின்முனைக்கு அடியில் நகர்ந்து கணக்கைக் குழப்பும். சென்னை ஐ.ஐ.டி.யில் ராமகிருஷ்ணன் சுவாமிநாதன் குழுவினர் டம்பெல் மடக்கித் தூக்குகிறவர்களின் மேற்கைத் தசையில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். நேரத்துக்கு நேரம் மாறும் அதிர்வெண்ணைப் பிரித்தெடுத்து, களைத்த தசை எது, களைக்காதது எது என்று கணினிக்கே கற்றுக்கொடுத்தார்கள்.

தறிவேலை அதைவிடக் கடினமான சோதனை. விசை குறைவு, நேரம் நீளம். வியர்வையில் மின்முனை வேறு நழுவும். தோலடிக் கொழுப்பு ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒருவரின் எண்ணை அடுத்தவரோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அவரவர் காலையும் மாலையும்தான் ஒப்பீடு.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தாலே அதிர்வெண் பழைய நிலைக்கு ஏறிவிடும். தசை மீண்டுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. 1977-இல் எட்வர்ட்ஸ் குழுவினர், உழைத்த தசை குறைந்த அதிர்வெண் தூண்டலுக்கு மட்டும் பலவீனமாகப் பதிலளிப்பதையும், அந்தக் குறை மணிக்கணக்கில், சில சமயம் மறுநாள் வரையும் நீடிப்பதையும் காட்டினார்கள். தசையை 20 ஹெர்ட்ஸிலும் 50 ஹெர்ட்ஸிலும் மின்சாரத்தால் தூண்டி, இரண்டிலும் எழும் விசையின் விகிதத்தைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். நெசவாளர் விடியலில் குழியில் கால் வைக்குமுன் தொடைத் தசையில் செய்து பார்க்க வேண்டிய சோதனை, என் கணக்கில், இதுதான்.