கார்பன் சைக்கிள்: மாறலாமா, இருப்பதே போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் தலைக்கவசங்களைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஐந்து நண்பர்கள் தே தாரிக் அருந்துகிறார்கள். பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் சாலை சைக்கிள்களில் நான்கு கார்பன். ஒன்று மட்டும் அலுமினியம். "நீ எப்போ மாறப் போறே?" என்பது அந்த ஒற்றை அலுமினிய சைக்கிளின் சொந்தக்காரரிடம் வாரம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. நாற்பதைத் தாண்டியவர் அவர். ஆண்டிறுதி போனஸில் 4,000 வெள்ளியை ஒதுக்கலாமா என்று யோசிக்கிறார். வீட்டில் அவருடைய மனைவி கேட்பது வேறு கேள்வி: "அவ்வளவு பணத்துக்கு அப்படி என்னங்க கிடைக்கும்?"

இப்படிப்பட்ட பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. இரண்டு கேள்விகளில் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், கார்பன் என்ன செய்யும், என்ன செய்யாது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்பன் என்பது என்ன?

தலைமுடியைவிட மெல்லிய கரிம இழைகளைத் தாள் தாளாக அடுக்கி, எப்பாக்சி பிசினால் பிணைத்து, அச்சில் வைத்துச் சூடேற்றினால் கிடைப்பதுதான் நாம் கார்பன் என்று சொல்லும் சட்டம். இழை ஓடும் திசையில் அதற்குப் பலம் அதிகம். குறுக்குத் திசையில் குறைவு. ஆகவே எந்த இடத்தில் எந்தத் திசையில் எத்தனை தாள் வைப்பது என்பதைப் பொறியாளர் முடிவு செய்யலாம். மிதிக்கட்டைப் பக்கம் விறைப்பாகவும், இருக்கைப் பக்கம் சற்று நெகிழ்வாகவும் ஒரே சட்டத்தைச் செய்ய முடிகிறது. உலோகக் குழாயில் இந்தச் சுதந்திரம் குறைவு.

1986ஆம் ஆண்டு அமெரிக்க வீரர் கிரெக் லெமான்ட் கார்பன் குழாய்களால் ஆன சைக்கிளில் டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றார். அதன்பின் பந்தயக் களம் மெல்ல மெல்லக் கார்பனுக்கு மாறியது. சைக்கிள்கள் அளவுக்கு மீறி இலேசாகிவிடக் கூடாது என்று அனைத்துலக சைக்கிளோட்டச் சங்கம் குறைந்தபட்ச எடையை 6.8 கிலோ என்று வரையறுக்க வேண்டிய நிலையும் வந்தது.

ஆனால் "கார்பன்" என்ற பெயரை மட்டும் வைத்துத் தரத்தை அளக்க முடியாது. மலிவான கார்பன் சட்டத்தைவிட நல்ல அலுமினியச் சட்டம் இலேசாக இருப்பதும் உண்டு. தவிர, இன்று விற்கப்படும் நல்ல அலுமினிய சாலை சைக்கிள்கள் பலவற்றில் முன் ஃபோர்க் ஏற்கெனவே கார்பன்தான். கைகளுக்கு வரும் அதிர்வைக் குறைக்கும் வேலையில் ஒரு பகுதியை அது செய்துகொண்டுதான் இருக்கிறது.

எடை குறைந்தால் எவ்வளவு லாபம்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய சைக்கிள் 9.5 கிலோ, புதியது 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறைவது 1.5 கிலோ. ஓட்டுபவர் 75 கிலோ. தண்ணீர்ப் புட்டி, காலணி எல்லாம் சேர்த்தால் மொத்தச் சுமை ஏறத்தாழ 86 கிலோ. ஆகக் குறைந்த சுமை நூற்றுக்கு இரண்டு கூட இல்லை.

சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டருக்குள்தான். சாலையில் 70 மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்று கொள்வோம். 200 வாட் ஆற்றலுடன் மிதிப்பவருக்கு 1.5 கிலோ குறைவதால் மிச்சமாவது ஐந்து விநாடி. மேட்டில் ஒரு போக்குவரத்து விளக்கில் நின்றால் அது போய்விடும்.

இதே கணக்கை மலேசியாவின் கெந்திங் மலைச் சாலையில் போட்டால் கதை வேறு. லங்காவி சைக்கிளோட்டப் போட்டியின் வீரர்களையே திணறவைத்த சாலை அது. அங்கே 1,000 மீட்டர் உயரம் ஏறினால், அதே 1.5 கிலோ ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடத்தை மிச்சப்படுத்தும். பந்தயத்தில் ஒன்றேகால் நிமிடம் பெரிய இடைவெளி. ஆண்டுக்கு ஒருமுறை நண்பர்களுடன் போய் வருபவருக்கோ, எழுபது நிமிடத்திற்கு மேல் ஏறிய பிறகு அது பெரிதாகத் தெரியாது.

உண்மையான எதிரி காற்று

சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பின் பெரும்பகுதியை விழுங்குவது காற்று. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால், காற்றைக் கிழிக்கச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அந்தக் காற்றில் பெரும்பகுதி மோதுவது சைக்கிளில் அல்ல, ஓட்டுபவரின் உடலில். முழங்கையை மடக்கி, முதுகைத் தாழ்த்தி உட்காருவதும், காற்றில் படபடக்காத உடை அணிவதும் பலருக்குப் புதிய சட்டத்தைவிட அதிக வேகத்தைத் தரும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூரில் சைக்கிள் பாதைகளிலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். பெரும்பாலும் அங்கேயே ஓட்டுபவருக்குப் பந்தய சைக்கிளின் வேகத்தைப் பயன்படுத்த இடமே இல்லை.

முதலில் செய்ய வேண்டியவை

முதுகு வலி, கை மரத்துப்போதல், கழுத்துப் பிடிப்பு ஆகியவற்றுக்காகக் கார்பனுக்கு மாற நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்கலாம். இருக்கையின் உயரமும் கைப்பிடியின் தூரமும் உடலுக்கு ஏற்றபடி இல்லாவிட்டால் எந்தச் சட்டமும் வலியைத் தீர்க்காது. தேர்ந்தவர் ஒருவரிடம் அளவு பார்த்துச் சரிசெய்துகொள்வது முதல் வேலை.

இரண்டாவது டயர். 23 மில்லிமீட்டர் டயரில் கல்லாகக் காற்றடித்து ஓட்டுபவர், சட்டத்தில் இடமிருந்தால் 28 மில்லிமீட்டர் டயர் போட்டு, உடல் எடைக்கேற்பக் காற்றைக் குறைத்துப் பார்க்கட்டும். சாலையின் அதிர்வு குறைவது உடனே தெரியும். மூன்றாவது, தேய்ந்த சங்கிலியையும் பிரேக் கட்டைகளையும் மாற்றிக் கியர்களைச் சரிசெய்வது. இவை எல்லாம் சேர்ந்தாலும் புதிய சைக்கிளின் விலையில் சிறு பங்குதான்.

எப்போது மாறலாம்?

மாறுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. பழைய சட்டம் உடலளவுக்குப் பொருந்தாதது என்றால் அதில் பணம் போடுவது வீண். அகலமான டயருக்கு இடமில்லாத சட்டம் என்றாலும் அப்படியே. அலுமினியத்தில் விரிசல் கண்டால் உடனே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். மலையேற்றங்களுக்கும் போட்டிகளுக்கும் அடிக்கடி செல்பவருக்குக் குறையும் ஒவ்வொரு கிலோவும் பயன் தரும்.

நம் ஊர் மழையும் ஒரு காரணம். விடியற்காலையில் திடீரென்று வீசும் சுமத்ரா காற்றுமழையில் சிக்கியவர்களுக்கு, நனைந்த விளிம்பில் பழைய பிரேக் எப்படி வழுக்கும் என்று தெரியும். டிஸ்க் பிரேக் அந்த நேரத்தில் நம்பிக்கை தரும். ஆனால் டிஸ்க் பிரேக்கிற்காகக் கார்பன் வாங்க வேண்டியதில்லை. அலுமினியத்திலும் அது கிடைக்கிறது. ஒரே விலையில் கார்பன் சட்டமும் சாதாரண உதிரிபாகங்களும் ஒரு பக்கம், அலுமினியச் சட்டமும் நல்ல கியரும் நல்ல சக்கரமும் மறு பக்கம் இருந்தால், இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

வாங்கினால் கவனிப்பு தேவை

கார்பன் துருப்பிடிக்காது. பழுதானால், தெரிந்தவர் கையில் கொடுத்துச் செப்பனிடவும் முடியும். ஆனால் அது அடி வாங்கியதைக் காட்டிக்கொள்ளாது. அலுமினியம் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கார்பனிலோ மேற்பூச்சு நன்றாக இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். விழுந்த சைக்கிளைப் பரிசோதிக்காமல் மீண்டும் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

திருகாணிகளைக் கைப்பலத்தில் முறுக்கக் கூடாது. டார்க் ரெஞ்ச் எனப்படும், முறுக்கின் அளவைக் காட்டும் கருவியைக் கொண்டு, பாகத்தில் எழுதியுள்ள அளவுக்கு மட்டுமே முறுக்க வேண்டும். கார்பனும் அலுமினியமும் தொடும் இடத்தில் நம் வியர்வையின் உப்பு சேர்ந்தால் அலுமினியம் அரித்து இறுகிவிடும். இருக்கைத் தண்டை அவ்வப்போது கழற்றித் துடைத்து, அதற்குரிய பசையைத் தடவுவது நல்லது.

பழைய கார்பன் சைக்கிளை மலிவாக வாங்குவோர் இருமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டுமே. பெயர்பெற்ற சின்னங்களை ஒட்டிய போலிச் சட்டங்களும் இணையத்தில் விற்கப்படுகின்றன. நம்ப முடியாத விலை என்றால் நம்பாமல் இருப்பதே நலம்.

மனைவியின் கேள்விக்குப் பதில்

ஆக, 4,000 வெள்ளிக்கு என்ன கிடைக்கும்? சமதளத்தில் ஓரிரு விநாடி, மலையில் ஒரு நிமிடம், பொருத்தமாக அமைந்தால் சற்றுச் சொகுசு, ஆசைப்பட்ட பொருளைக் கையில் பிடிக்கும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. புதிய சைக்கிள் வந்ததால் வாரம் ஒருமுறை ஓட்டியவர் மூன்று முறை ஓட்டினால், இதயத்திற்கு அதைவிட நல்ல முதலீடு இல்லை. ஆனால் கடன் அட்டையில் வாங்கி, வட்டி கட்டும் கவலையோடு மிதித்தால் இலேசான சைக்கிளும் கனக்கும்.

சாங்கி மேசையில் அமர்ந்திருக்கும் அந்த அலுமினியக்காரர் இந்த மாதம் ஒன்று செய்யலாம். அளவு பார்த்து, டயரை மாற்றி, மூன்று மாதம் விடாமல் ஓட்டிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் குறை இருப்பது சைக்கிளில்தான் என்று தோன்றினால், மனைவியையும் கடைக்கு அழைத்துச் சென்று தேர்ந்தெடுக்கலாம். நண்பர்கள் கேட்டார்கள் என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். காலையில் எழுந்து மிதிக்கப் போவது அவருடைய கால்கள்தான்.