மூச்சைச் சீராக்க வந்த விளையாட்டு

இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் 1992-ஆம் ஆண்டு குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர் லாரா கென்னி. பிறந்தபோதே ஒரு நுரையீரல் சுருங்கியிருந்தது. பின்னர் ஆஸ்துமாவும் சேர்ந்தது. மூச்சு சீரடைய விளையாட்டில் ஈடுபடுத்துமாறு மருத்துவர்கள் பெற்றோருக்கு அறிவுறுத்தினர்.

அக்குழந்தையே பின்னாளில் மிதிவண்டிப் பந்தய வீராங்கனையானார். 2014-இல் பிரிட்டனின் தேசியச் சாலைப் பந்தயத்தில் வாகை சூடினார். லண்டன், ரியோ, டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளின் தடப் பந்தயங்களில் ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றார். ரியோவில் அவர் இடம்பெற்ற நால்வர் அணி, 4 கிலோமீட்டர் தொலைவை 4 நிமிடம் 10 விநாடிகளில் கடந்து உலகச் சாதனை படைத்தது. 2024-இல் ஓய்வு பெற்றார்.

ஆஸ்துமா உள்ள குழந்தையை விளையாட்டிலிருந்து விலக்கிவைக்க வேண்டியதில்லை. மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள், இன்ஹேலர் எப்போதும் கைவசம் இருக்கட்டும், பயிற்சியைச் சிறிது சிறிதாகத் தொடங்குங்கள்.