வீட்டுத் தக்காளி சாஸ்

இரத்த அழுத்தத்திற்காக உப்பைக் குறைக்குமாறு கூறி அனுப்பியவர்கள் மீண்டும் வரும்போது, என்ன உண்கிறீர்கள் என்று கேட்கிறோம். குழம்பில் உப்பு குறைந்திருக்கும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் புட்டிச் சாஸ் மட்டும் தொடர்ந்திருக்கும். அதன் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் சோடியம் உண்டு. இனிப்பு அதை நாவுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு.

வீட்டில் செய்தால் உப்பு நம் கையில் இருக்கும். நன்கு பழுத்த அரைக் கிலோ தக்காளியின் அடியில் கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டெடுத்தால் தோல் எளிதில் உரியும். எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, நசுக்கிய நான்கு பல் பூண்டை வதக்கி, நறுக்கிய தக்காளியைச் சேர்த்துச் சிறுதீயில் அரை மணி நேரம் வற்ற விடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டா. புளிப்பு அதை அரிக்கும். இறக்கும்போது மிளகுத்தூளும் சிறிது சீரகத்தூளும் தூவினால் உப்பில்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. முதல் சில வாரங்கள் தெரியும், நாக்கு பழகிவிடும். கெடாமல் காக்கும் பொருள் ஏதும் சேராததால், குளிர்பதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

சிறுநீரக நோயாளிகளின் வீட்டார் சற்றுப் பொறுக்க வேண்டும். 100 கிராம் தக்காளியில் 200 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. வற்ற வற்ற அது செறிவாகும். பழுதுற்ற சிறுநீரகம் அதை வெளியேற்றாவிடில் இதயத்துடிப்பே தடுமாறக்கூடும். சோடியம் குறைந்ததென்று விற்கும் உப்பிலும் பெரும்பாலும் பொட்டாசியமே கலந்திருக்கிறது. ஆகவே, கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டி, எத்தனை கரண்டி உண்ணலாம் என்று கேட்ட பின்னரே அடுப்பை மூட்டுங்கள்.