மாவைத் தின்னும் பற்றீரியா

மன்னார்த் தீவின் தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் கிணறு உவர்த்துப்போகிறது. மிளகாய்க் கன்று மஞ்சளாகி இலை கொட்டுகிறது. உப்பைத் தாங்கவைக்கும் பற்றீரியா என்று போத்தலில் விற்கிறார்களே, வாங்கலாமா?"

போத்தலைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த மஞ்சள் இலை.

மண்ணில் உப்பு ஏறினால் செடி எதிலீன் வாயுவைக் கூடுதலாகச் சுரக்கிறது. வாழைக்குலைக்குப் புகை போடுகிறோமே, அந்தப் புகைக்குள் இருந்து காயைப் பழுக்கவைப்பதும் இதே வாயுதான். கொஞ்சம் சுரந்தால் செடி தன்னைக் காத்துக்கொள்ளத் தயாராகும். அளவு மிஞ்சினால் வேர் வளராது; இலை காலத்துக்கு முன்பே பழுத்து உதிரும். உப்பு செய்யும் கேட்டோடு கன்று தனக்குத்தானே செய்துகொள்ளும் கேடும் சேர்ந்துவிடுகிறது.

என்னைக் கிறங்கடிப்பது அடுத்த கட்டம். எதிலீனைப் புட்டு என்று வைத்தால், அதற்குக் குழைத்து வைத்த மா ஏசிசி என்ற மூலப்பொருள். இதில் ஒரு பங்கு வேர்வழியே வெளியே கசிகிறது. வேரை ஒட்டி வாழும் சில பற்றீரியாக்களிடம் அதை உடைக்கும் நொதியம் உண்டு. உடைத்து, வரும் அமோனியாவை நைதரசன் உணவாக்கிக்கொள்கின்றன. இந்தப் பற்றீரியாவை ஆடு என்று வையுங்கள். கொல்லையில் நின்று ஆடு நக்க நக்க, அடுக்களை மா வெளியே வழிந்துகொண்டே இருக்கும். குழலை அடுப்பில் ஏற்றும்போது பானையில் ஒரு பிடிதான் மிச்சம். புட்டு குறைந்ததால் வீடு பிழைக்கிறது! போகிற போக்கில் ஆடு எருவும் போடுகிறது: இந்தப் பற்றீரியாக்களுள் பல, வேரை வளர்க்கும் ஓட்சினையும் சுரக்கின்றன.

வரலாறு சுருக்கமாக: நொதியத்தை 1978 இல் யப்பானில் ஹொன்மாவும் ஷிமோமுராவும் அறிவித்தார்கள், வேருக்கு அதனால் என்ன பயன் என்ற விளக்கத்தை 1998 இல் கனடாவில் பெர்னார்ட் கிளிக் குழுவினர் தந்தார்கள்.

2004 இல் வந்த ஓர் ஆய்வைப் போத்தல் விற்பவர்கள் முழுதாகச் சொல்வதில்லை. இஸ்ரேலின் வறண்ட அரவா பகுதி மண்ணில் எடுத்த பற்றீரியாவைத் தக்காளி நாற்றுக்கு இட்டார்கள். லீற்றருக்குச் சுமார் 10 கிராம் உப்புள்ள நீரிலும் நாற்று கூடுதலாக வளர்ந்தது, எதிலீன் குறைந்தது. ஆனால் நாற்றுக்குள் இருந்த சோடியம் குறையவில்லை. உப்பு உள்ளேதான் இருந்தது. செடியின் பதற்றம் மட்டும் தணிந்தது. அதுவும் நாற்றில். காய்க்கும் வரை தோட்டத்து மண்ணில் ஆயிரம் போட்டி உயிரிகளுக்கு நடுவே பற்றீரியா நிலைப்பது வேறு சங்கதி.

அதே 2004 இல், சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதனும் சுதா நாயரும் கண்டலோடு வளரும் காட்டு நெல்லில் உப்பைத் தாங்கி நைதரசனை நிலைநிறுத்தும் புதிய பற்றீரியாவைக் கண்டு சுவாமிநாதேனியா என்று பெயரிட்டார்கள். உவர்நிலத்துக்கு ஏற்ற உயிரியை உவர்நிலத்திலேயே தேடிய அந்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது. மன்னார்க் கரையிலும் கண்டல் இருக்கிறது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் அதைக் கைவிட்ட நாடு நம்முடையது. இயற்கை என்ற சொல்லை நம்பி விளைச்சலைப் பறிகொடுத்தவர்களிடம் இன்னொரு மந்திரப் போத்தலை நீட்ட எனக்கு மனம் வராது.

வாங்குவதானால் திகதி பாருங்கள். வெயிலில் கிடந்த போத்தலில் உயிர் மிஞ்சியிராது. பூஞ்சணக்கொல்லியோடு கலக்கவேண்டாம். ஒரு பாத்திக்கு மட்டும் மக்கிய எருவோடு இடுங்கள்; பக்கத்துப் பாத்திக்கு அதே எரு, அதே தண்ணீர், போத்தல் மட்டும் இல்லாமல். இரண்டிலும் பறித்த காயைத் தனித்தனியே நிறுத்து எனக்கு எழுதுங்கள்.