ஒரு நிரல், பல கோப்புகள்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். மாணவர் ஒருவர் தம் மடிக்கணிப்பொறியில் 'பாண்டாக்' என்னும் நிரலை நிறுவியிருந்தார். கட்டுரைகளை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றித் தரும் நிரல் அது. பட்டன்களோ படங்களோ அதில் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் வேலை செய்யும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக உள்ள ஜான் மக்ஃபார்லேன் 2006-இல் உருவாக்கி, இலவசமாக வழங்கிவரும் நிரல் அது.

மாணவரின் கணிப்பொறியில் இருந்தது லினக்ஸ் இயங்குதளம். ஆய்வகத்தில் அளவீடுகளைப் பதிவு செய்யும் 'ராஸ்பெர்ரி பை' என்னும் சிறு கணிப்பொறியிலும் லினக்ஸ்தான். எனவே அதே கோப்பை நகலெடுத்து அதில் போட்டார். இயங்கவில்லை. 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று திரையில் செய்தி வந்தது. கோப்பு பழுதாகியிருக்கும் என்று எண்ணி மூன்று முறை இணையத்திலிருந்து இறக்கினார். கைப்பேசியின் அன்றைய டேட்டா தீர்ந்ததுதான் மிச்சம்.

கோப்பில் ஒரு பழுதும் இல்லை. பிறகு ஏன் இயங்கவில்லை? அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

அரிசியும் மாவும்

இட்லிக்கு மாவு வேண்டும். அரிசியும் உளுந்தும் வாங்கி வீட்டில் ஊறவைத்து அரைக்கலாம். அரைத்த மாவைக் கடையில் வாங்கியும் வரலாம். நிரல்களும் இப்படித்தான். மனிதர் படிக்கக்கூடிய மொழியில் எழுதப்பட்டது மூல நிரல். அது அரிசி, உளுந்து. அதைக் 'கம்பைலர்' என்னும் தொகுப்பி எண்களாக அரைத்துத் தருகிறது. அந்த எண்களே இயந்திர மொழி. வேறொருவர் முன்னரே தொகுத்து வைத்த கோப்பை நாம் இறக்கிக்கொண்டால், அது கடையில் வாங்கிய மாவு. இதனை ஆயத்தக் கோப்பு என்று அழைப்போம்.

ஆயத்தக் கோப்பால் நேரம் மிச்சமாகிறது, தொகுப்பியும் தேவையில்லை. ஆனால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்த மாவு என் வீட்டு அடுப்புக்கும் தட்டுக்கும் பொருந்துமா? இதில் என்ன கலந்திருக்கிறது?

செயலி அறிந்த மொழி

கணிப்பொறியின் மூளையாகிய செயலி, எண்களை மட்டுமே அறியும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது செயலியின் குடும்பத்தைப் பொறுத்தது. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 'வந்த இடத்துக்குத் திரும்பிப் போ' என்னும் கட்டளை எல்லாச் செயலிகளுக்கும் தேவை. இன்டெல், ஏஎம்டி செயலிகளில் இதற்கு 195 என்ற ஒரே எண் போதும். பெரும்பாலான கைப்பேசிகளிலும், ராஸ்பெர்ரி பையிலும், 2020 நவம்பர் முதல் வந்த ஆப்பிள் கணிப்பொறிகளிலும் உள்ள ஏஆர்எம் வகைச் செயலிக்கோ அதே கட்டளையை 192, 3, 95, 214 என்று நான்கு எண்களால் சொல்லவேண்டும். ஒன்றுக்கு எழுதியது மற்றதற்குப் பொருளற்ற எண் வரிசை.

நம் மாணவர் செய்த பிழை இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். இயங்குதளம் ஒன்றுதான், செயலி வேறு.

பெயர்களைக் கண்டு குழம்பவேண்டாம். 'எக்ஸ்86-64', 'ஏஎம்டி64' இரண்டும் ஒன்றே. 64 பிட் வடிவை முதலில் வகுத்தது ஏஎம்டி நிறுவனம் என்பதால் அப்பெயர் நிலைத்தது. உங்கள் கணிப்பொறியில் இன்டெல் செயலி இருந்தாலும் ஏஎம்டி64 கோப்பே பொருந்தும். அதுபோலவே 'ஏஆர்எம்64', 'ஏஆர்ச்64' இரண்டும் ஒன்றே.

இயங்குதளத்தின் பங்கு

செயலி ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரே இன்டெல் கணிப்பொறியில் விண்டோசும் லினக்சும் இருக்கலாம். இருப்பினும் விண்டோசுக்கான கோப்பை லினக்ஸ் நேரடியாக இயக்காது. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, கோப்பின் அமைப்பு. ஒவ்வோர் இயங்குதளமும் கோப்பின் தொடக்க எண்களைப் பார்த்தே 'இது என்னுடையதா?' என்று அறிகிறது. லினக்ஸ் கோப்பு 127, 69, 76, 70 என்று தொடங்கும். மேக்ஓஎஸ் கோப்பு பொதுவாக 207, 250, 237, 254 என்று தொடங்கும். விண்டோஸ் கோப்பின் முதல் இரண்டு எண்கள் 77, 90. ஆங்கில எழுத்துகளாக மாற்றினால் அவை 'எம்', 'இசட்'. இவ்வமைப்பை வகுத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை!

இரண்டாவது, உதவி கேட்கும் முறை. திரையில் ஓர் எழுத்தைக் காட்டக்கூட நிரலுக்கு இயங்குதளத்தின் உதவி வேண்டும். இன்டெல் வகை லினக்சில் 'எழுது' என்னும் வேண்டுகோளின் எண் 1. ஏஆர்எம் லினக்சில் அதன் எண் 64. விண்டோசில் இம்முறையே வேறு. அதனுடன் வரும் நூலகக் கோப்புகள் வழியாகக் கேட்கவேண்டும்.

எனவேதான் பாண்டாக் போன்ற நிரலுக்கு விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ் என்று தனித்தனிக் கோப்புகளும், அவற்றுள் செயலிக்கேற்ற பிரிவுகளும் வைக்கப்பட்டுள்ளன.

நிறுவுவது எப்படி?

முதலில் உங்கள் செயலியையும் இயங்குதளத்தையும் அறியுங்கள். விண்டோசில் அமைப்புகள் பகுதியில் 'சிஸ்டம்', 'அபௌட்' என்று சென்றால் காணலாம். மேக்கில் ஆப்பிள் பட்டியின் முதல் வரியிலேயே உள்ளது. லினக்சில் 'யூநேம்' என்ற கட்டளை சொல்லிவிடும்.

அடுத்து, பொருத்தமான கோப்பை இறக்கி விரியுங்கள். விண்டோசுக்கும் மேக்குக்கும் பெரும்பாலும் 'ஜிப்' பொதியாகவும், லினக்சுக்கு 'டார்' பொதியாகவும் கிடைக்கும். லினக்சில் ஒரு கோப்பு இயங்கவேண்டுமானால் அதற்கு 'இயக்கலாம்' என்னும் அனுமதிக் குறி இருக்கவேண்டும். டார் பொதி அக்குறியைக் காத்து வைக்கிறது. விண்டோஸ் அவ்வாறன்றி, பெயரின் இறுதியில் 'எக்ஸ்இ' இருக்கிறதா என்று பார்க்கிறது.

பொதியை விரித்துவிட்டோம்; நிரலின் பெயரைத் தட்டினால் 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று வருகிறது. ஏன்? கணிப்பொறி வட்டு முழுவதையும் தேடாது. 'பாத்' என்ற பட்டியலில் குறித்துள்ள கோப்புறைகளில் மட்டும், வரிசையாகத் தேடும். ஆகவே நிரலை அப்பட்டியலிலுள்ள ஒரு கோப்புறையில் வையுங்கள். அல்லது நிரல் உள்ள கோப்புறையைப் பட்டியலில் சேருங்கள். சேர்த்தபின் கட்டளைத் திரையை மூடிப் புதிதாகத் திறக்கவேண்டும். பழைய திரையிடம் இருப்பது பழைய பட்டியலின் நகல்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் நிற்கும் கோப்புறையை லினக்ஸ் தானாகத் தேடாது. இது குறையன்று, காப்பு. வழக்கமான ஒரு கட்டளையின் பெயரிலேயே தீய நிரலொன்றை யாரேனும் அங்கே போட்டுவைத்தால், நாம் அறியாமல் அதை இயக்கிவிடுவோம் அல்லவா?

மாவில் என்ன கலந்திருக்கிறது?

அரைத்த மாவைப் பார்த்து அதில் கலந்ததைக் கண்டறிவது அரிது. ஆயத்தக் கோப்பும் அப்படியே. 2017 மே மாதத் தொடக்கத்தில், 'ஹேண்ட்பிரேக்' என்னும் காணொளி மாற்று நிரலை வழங்கும் கணிப்பொறிகளுள் ஒன்றில் திருடர்கள் புகுந்தனர். மேக்குக்கான கோப்பை எடுத்துவிட்டு, கடவுச்சொற்களைத் திருடும் கோப்பை அதே பெயரில் வைத்தனர். மே 2 முதல் 6 வரை அந்தக் கணிப்பொறியிலிருந்து அதை இறக்கியவர்கள் ஏமாந்தனர்.

இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. கோப்பிலுள்ள எல்லா எண்களையும் 'ஷா-256' என்னும் கணக்கு முறையில் செலுத்தினால் 64 குறிகள் கொண்ட ஒரு விடை வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை முற்றிலும் மாறிவிடும். வரக்கூடிய விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்டது. எனவே இரு வேறு கோப்புகளுக்கு ஒரே விடை அமையும் என்று அஞ்சவேண்டியதில்லை. வெளியீட்டாளர் தரும் விடையும் உங்கள் கணிப்பொறி தரும் விடையும் ஒன்றானால், அவர் கணக்கிட்ட கோப்பே உங்களுக்கு வந்துள்ளது என்று பொருள். விண்டோசில் 'செர்ட்யூட்டில்', மேக்கில் 'ஷாசம்', லினக்சில் 'ஷா256சம்' என்னும் கட்டளைகள் இக்கணக்கைச் செய்யும்.

ஆனால் வெளியீட்டாளரே தவறு செய்தால்? 2024-இல் 'எக்ஸ்இசட்' என்னும் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அதன் பொறுப்பாளர்களுள் ஒருவராக இருந்தவரே இரகசியக் கதவொன்றை மறைத்து வைத்திருந்தார். அந்தக் கதவைத் திறந்துவிடும் வரிகள் வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. எல்லாரும் பார்க்கும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை. ஷா-256 விடை சரியாகவே பொருந்தியிருக்கும்! பொதி வழியில் மாறவில்லை என்பதைத்தான் அது சொல்லும். அனுப்பியவர் நேர்மையானவர் என்பதை அது சொல்லாது.

பிறகு யார் கண்டுபிடித்தார்? ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர். தொலைவிலுள்ள கணிப்பொறியில் நுழையும் நேரம் சுமார் 0.3 விநாடியிலிருந்து 0.8 விநாடியாகக் கூடியதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேடினார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அப்பதிப்புகள் உலகெங்கும் பரவுமுன் தடுக்கப்பட்டன.

ஆய்வகத்தில் அளவீட்டில் சிறு வேறுபாடு வரும்போது 'கருவியின் பிழை' என்று எழுதி முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அடுத்த முறை அப்படி எழுதுமுன் அந்த அரை விநாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

விண்டோஸ் கணிப்பொறியில் ஏதேனும் ஒரு சிறிய 'எக்ஸ்இ' கோப்பின் நகலை நோட்பேடில் திறவுங்கள். பொருளற்ற குறிகளுக்கு முன்னே, முதலிரண்டு எழுத்துகளாக ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் தெரியும். பின்பு சேமிக்காமல் மூடிவிடுங்கள்.